கடலைக் காட்டுகிறவர்கள் கிணற்றையும் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீட்டுமனைப் பக்கத்தில் இப்போதெல்லாம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர வீடுகள் விற்பனைக்கு என்ற விளம்பரங்கள் அதிகமாகிவிட்டன. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் டீக்கடைக்கு ஒரு புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார். விளம்பரத்தில் சதுர அடி இருக்கிறது, வாஸ்து இருக்கிறது, கடலுக்கு எத்தனை நிமிட நடை என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும் எதிலும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், வெட்டினாலும் கிணறு பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் இந்தக் கடற்கரையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவளுக்கு வாசலைவிடக் கொல்லைப்புறம்தான் நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே, எந்தக் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். வயிற்றுப்போக்கு பரவினால் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போட வைத்ததும் நாங்கள்தான்.

என் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். வாடகை வீட்டிலேயே பிள்ளைகள் வளர்ந்துவிடும் போல இருக்கிறது, ஊர்ப்பக்கம் ஒரு வீடு வாங்கிப் போட்டுவிடலாம் என்று அவனுக்கு ஆசை. நானும் அவர்களோடு இருக்கலாம் என்பது அதில் சேர்ந்த கணக்கு. பள்ளி லீவில் குடும்பத்தோடு வந்தான். வேதாளைக்கும் புதுமடத்துக்கும் இடையில் தென்கடலைப் பார்த்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம், விற்கிறவர் பிழைப்பைக் கெடுப்பது என் எண்ணமல்ல.

கூட்டிப்போன புரோக்கர் தம்பி வாய்ப்பந்தல் போடுவதில் கெட்டிக்காரர். கேட்டைத் திறந்ததும் வீட்டுக்குள்கூட விடாமல் நேரே மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். மேலே நின்றால் கடல் பச்சையும் நீலமுமாக விரிந்து கிடக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒன்று தூரத்தில் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. மருமகள் மதுரைக்காரி, அவள் முகமே மாறிவிட்டது. பேரன் அங்கேயே கடல் பக்கத்து அறை தனக்கு என்று சொல்லிவிட்டான். கடலைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வீட்டைப் பார்க்கிறவர் மனசு, விருந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுத உட்கார்ந்தவர் கை மாதிரி. தாராளமாகத்தான் இருக்கும். புரோக்கருக்கு அது தெரியும்.

நான் நேரே அடுப்படிக்குப் போனேன். கிரானைட் மேடை, அலமாரி எல்லாம் பளபளவென்று இருந்தது. குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். நல்ல கரிப்பு. "அம்மா, அது புழக்கத்துக்கு. குடிக்கக் கேன் போட்டுக்கலாம். 200 அடி போர், கோடையிலயும் வத்தாது" என்றார் தம்பி. பெருமையாகத்தான் சொன்னார்.

மதுரையிலோ திருப்பூரிலோ 200 அடி போர் என்றால் பெருமைப்படலாம். எங்கள் கடற்கரையில் அது பயப்பட வேண்டிய சங்கதி. இங்கே மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூட. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும் என்று நிலத்தடி நீர்க்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மோட்டார் போட்டு மேலே அந்த 1 மீட்டரை உறிஞ்சிவிட்டால் கீழேயிருந்து உப்பு ஏறி வந்துவிடும். ஆகவே இங்கே ஆழமில்லாத உறைகிணறும், வாளி போட்டு இறைக்கிற கையும்தான் நல்ல தண்ணீர் கொடுக்கும். ஆழப் போர் கடலைத்தான் கொடுக்கும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடம் நிறைக்கிற பெண்களை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர்கள் இல்லை. அவர்கள் ஏன் ஆழமாகத் தோண்டாமல் அகலமாகத் தோண்டுகிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றபின் மகனே வாங்கித் தந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அந்தக் குழாயில் 3,800-ஐத் தாண்டி நின்றது. மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண் குறைவாக இருக்கிறதென்று அப்படியே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உறைகிணறு இல்லையா என்று கேட்டேன். "இருந்தது, மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். கொல்லையில் போய்ப் பார்த்தால் சிமெண்டுப் பலகை போட்டு மூடி, மேலே குரோட்டன்ஸ் தொட்டிகளை அழகாக அடுக்கியிருக்கிறார்கள். அதற்கு இருபது அடிகூட இல்லாத தூரத்தில் செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி இடைவெளி வேண்டும் என்று பயிற்சிக் காலத்திலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். களிமண்ணாக இருந்தாலாவது கொஞ்சம் தாங்கும், இது மணல். கிணற்றை மூடியது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த இடத்தில் முன்பு ஒரு மணல்மேடு இருந்தது. பனையும் தாழையும் நின்ற மேடு, நான் ஏறி இறங்கிய மேடு. கடல் தெரிவதற்காக ஜே.சி.பி. வைத்து அதைத் தட்டையாக்கியிருக்கிறார்கள். மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக் கிணற்றுக்குக் கொடுத்தது அந்த மேடுதான். உப்புக் காற்றை மறித்ததும் அதுதான். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் மணல்மேடுகளைக் கலைக்கக் கூடாது என்றே இருக்கிறது. மாடியிலிருந்து மருமகள் பார்த்து மயங்கிய காட்சி, கிணற்றை விற்று வாங்கிய காட்சி.

என் தம்பி மேஸ்திரி வேலை பார்த்தவன், அவனையும் கையோடு கூட்டிப் போயிருந்தேன். அவன் சுவரைப் பார்க்கவில்லை. சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் குளியலறைக் கூரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். பின் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் வாசம் அடித்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி ஐந்து ரூபாய் நாணயத்தால் கூரையைத் தட்டினான். ஓரிடத்தில் கணீரென்றது, ஒரு கை தள்ளித் தட்டினால் பொத்தென்று பொய்ச் சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு ஊதி, காங்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கிறது என்றான். இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிடக் கூடுதல் இடம் கேட்கும், அந்த நெருக்கடியில்தான் காரை பெயர்ந்து விழுகிறது. கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும், காங்கிரீட் கலக்கிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இல் இருக்கிறதாம். இந்த வீட்டைக் கட்டியது எந்தத் தண்ணீரில் என்று தம்பி கேட்டான். புரோக்கர் கை அந்தப் போர் குழாயைத்தான் காட்டியது. குடிக்க ஆகாத தண்ணீர் கம்பிக்கு மட்டும் ஆகுமா?

மருமகளும் பேரனும் மாடியை விட்டு இறங்கவில்லை. நான் வெளியே வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன். நாட்டுப்படகுக்காரர் வீடு. வலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, "நர்ஸம்மாதானே? என் மூத்தவனுக்கு நீங்கதான் ஊசி போட்டீங்க" என்றாள். அப்புறம் கேட்கவே வேண்டியதில்லை. "அந்த வீட்டுத் தண்ணியில பருப்பு வேகாதும்மா. சோப்பு நுரைக்காது. இருந்தவங்க ரெண்டு வருசத்துல பிரிட்ஜையும் ஏசியையும் துருவாத் தூக்கிட்டுப் போனாங்க" என்றாள். 2024 நவம்பர் 20 அன்று பெய்த மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டேன். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய நாள் அது. அவள் எழுந்து வந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள். அந்த உயரத்துக்குத்தான் உள்ளே புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது.

கிணற்றுக்கு அடுத்தபடியாக வீடு பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்தக் காலக் கணக்குதான். வெளியூர்க் குடும்பங்கள் எல்லாம் பள்ளி லீவில்தான் வீடு பார்க்க வருகிறார்கள், சித்திரையில். எங்கள் கடற்கரை தன் குணத்தை மறைத்துக்கொள்கிற மாதம் அது. வாடைக்காற்று போய்விட்டது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் முழு வேகம் எடுக்கவில்லை. ஆனி, ஆடியில் கச்சான் எடுத்தால் தென்கடல் வீடுகளின் ஜன்னலில் மணலும் உப்பும் அப்பிக்கொள்ளும், காயப்போட்ட துணி பிசுபிசுக்கும். வடகடல் பக்கத்து வீடாக இருந்தால், அதாவது பனைக்குளம், ஆற்றங்கரை, தேவிபட்டினம் பக்கம், ஐப்பசி, கார்த்திகையில் இதே பாடு வாடையால். மழை எங்களுக்குப் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான், தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாது, மீன் வண்டி வராது, கரையில் கருவாடு காய்வது குறைவு. "எவ்வளவு அமைதியான இடம்" என்று மருமகள் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. தடைக்காலத்தில் வீட்டைப் பார்த்து வாங்கிவிட்டு, தடை முடிந்ததும் கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை என்று மனு எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசி எடுக்கப் போகிற பெண்கள் காலங்காலமாக நடந்த வழியில் கம்பி வேலி போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கருவாடு அங்கே முன்பே இருந்தது, நாம்தான் பின்னால் போகிறோம். அந்த வாசம் ஆகாதவர்கள் ராமநாதபுரம் டவுனிலேயே வீடு பார்த்துக்கொள்ளலாம், 2022-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கே பக்கம். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற குடும்பத்துக்குக் கடலைவிட அது முக்கியம் என்று சொன்னால் என்னை யாரும் ரசனை இல்லாதவள் என்று சொல்லட்டும்.

மாடி விஷயத்துக்கு வருகிறேன். "பின்னாடி மேல ரெண்டு ரூம் எடுத்துக்கலாம் சார்" என்று மகனிடம் புரோக்கர் தம்பி சொல்லியிருக்கிறார். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதினார்கள். ஊரகக் கடற்கரையில், கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்பது பொதுவான விதி. மக்கள் நெருக்கம் அதிகமான ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை இடம் கொடுக்கிறது. ஏற்கெனவே அனுமதியோடு கட்டிய வீட்டைப் பழுது பார்க்கலாம், அதே அளவில் திருப்பிக் கட்டலாம். கூடுதலாக எழுப்ப முடியாது. கடலுக்கு மூன்று நிமிட நடை என்று விளம்பரம் போட்டால், மேலே அறை எடுக்க முடியாது என்பதையும் கிட்டத்தட்ட அதிலேயே சொன்ன மாதிரிதான். வாங்குகிறவர்களுக்கு அப்படிப் படிக்கத் தெரிவதில்லை.

பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் எல்லாம் அந்த வீட்டுக்குச் சுத்தமாக இருந்தன. அவை வீடு யாருடையது என்று சொல்லும். வீடு எப்படிப்பட்டது என்று ஒரு வரி சொல்லாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்டி ஒரு சொத்தை வாங்குகிறோம். அதன் கிணற்றைப் பற்றி அரசாங்கக் காகிதம் எதிலும் ஒரு சொல் இல்லை.

நேர்மாறாக ஒரு வீட்டையும் பார்த்தோம். கீழக்கரையில், கடல் தெரியாத ஒரு சந்துக்குள், கடல்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு. முழ அகலச் சுவர், நடுவில் முற்றம், தேக்கு நிலை, பித்தளைக் கீல், உச்சி வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. மழைத்தண்ணீர் முற்றத்திலிருந்து தொட்டிக்குப் போக வழி செய்திருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் என் மீட்டரில் 700-க்குச் சற்று மேலே. அந்தக் கல் இனிக் கிடைக்காது, பவளப்பாறையை எடுப்பது குற்றம். ஆனாலும் அந்தச் சுவர் எங்களுக்குப் பின்னும் நிற்கும் என்றான் என் தம்பி. சிக்கல் என்னவென்றால் அங்கே பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற வழக்கம், மூன்று தலைமுறைப் பெண்கள் வழியாக வந்த வீட்டில் பங்குதாரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அதில் ஒரு ராத்தாவின் (அக்காவின்) கையெழுத்து பாக்கி. பவர் பத்திரம் தூதரகம் வழியாக வர வேண்டும். வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பேரனுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை, கடல் தெரியாததால். முற்றத்தில் கிரிக்கெட் ஆடலாம் என்று அவன் தாத்தா சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி என் கோரிக்கை. வீட்டு விளம்பரம் வாங்கும்போது கடலோர ஊராட்சிகளுக்கு மட்டுமாவது இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒன்று, கிணறா போரா, அதன் உப்பு அளவு என்ன என்பது. இன்னொன்று, உயர் அலைக் கோட்டிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்பது. 'ஈசான மூலையில் பூஜை அறை' என்று போட இடம் இருக்கிற விளம்பரத்தில் இதற்கும் இடம் இருக்கும். பதிவுத்துறைக்கும் இதையே மனுவாக அனுப்பியிருக்கிறேன். பத்திரத்தோடு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் இணைக்கச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவரை வாங்குகிறவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் தனியார் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதித்துத் தருவார்கள். புதுக் கேனை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே நன்றாக அலசிவிட்டு, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகத்திலேயே சுத்தம் செய்த பாட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீரைப் புரோக்கர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம், நீங்களே பிடித்து நீங்களே கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.